தூக்கத்துக்கு ஒரு பச்சை மாத்திரை

என் கணவருடைய அக்காவை நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். நங்கையாவின் கணவர் எனக்கு அண்ணன் முறை. பெருந்துறைப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறித் தொழில் படுத்ததும் ஒரே வருஷத்தில் இயற்கை மருத்துவராகிவிட்டார். எங்கேயும் படிக்கவில்லை. கதர் ஜிப்பா போட்டுக்கொண்டார், குரலைத் தாழ்த்திக்கொண்டார், எதைப் பேசினாலும் 'நம்ம முன்னோர்கள்' என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான் படிப்பு. தறி இருந்த கொட்டகையில் மூலிகைப் பொடியைக் கேப்சூல் கூடுகளில் அடைக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. பகலெல்லாம் கண் எரியும். மாணவர்கள் திருப்பிக் கொடுக்கிற புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "இந்த வயசுல லேடீஸுக்கு வர்றதுதானுங்க. சாயங்காலம் காப்பி குடிக்காதீங்க," என்றார். நான் காப்பியே குடிப்பதில்லை.

என் கணவர் இதைப் போய் அக்காவிடம் சொல்லிவைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்துவிட்டார்.

"ஏனம்மணி, ஊட்டுலயே மருந்தை வெச்சுட்டு ஊரெல்லாம் தேடறயா? அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதில்ல?"

டப்பாவின் மேல் பச்சை இலை, நிலா, கண்ணை மூடிய ஒரு வெள்ளைக்காரப் பெண். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"அமுக்கராங்கிழங்கு, சாதிக்காய், இன்னும் நாலஞ்சு இருக்குது. எல்லாம் சத்தியமங்கலம் காட்டுச் சரக்கு. முழுக்க முழுக்கச் செடி கொடி. ஒரு பொட்டு கெமிக்கல் கெடையாது."

"மேல இருக்கிற கேப்சூல் கூடு எதுல செய்யறதுங்கண்ணா? சிலது மாட்டு எலும்புல செய்வாங்கன்னு படிச்சிருக்கறேன்."

சைவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் அவர். ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

"மேல் தோலுதான கண்ணு. அதையெல்லாம் ஆரு பாக்கறா?"

பிறகு விஷயத்துக்கு வந்தார். கடைகளுக்கு அனுப்புவதற்கு முன்னால் நம்பிக்கையான ஒரு ஆள் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். படித்த ஆளாக இருந்தால் நல்லதாம்.

தூக்கம் இல்லாதவளுக்கு ரோஷம் ஏது. சாப்பிட்டேன். தூக்கம் வரவில்லை. ஏப்பம் வந்தது, நனைந்த சோளத்தட்டு வாசத்தோடு. நெஞ்சு எரிந்தது. காலையில் நான் பல் துலக்கும்போதே அண்ணன் போன் செய்வார்.

"எப்படித் தூங்கினே அம்மணி?"

தூங்கினாயா என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

"தூங்கவே இல்லீங்கண்ணா."

"ஆழ்ந்து தூங்கினா தூங்கினதே தெரியாது கண்ணு."

"நெஞ்செரிச்சலுங்க."

"கழிவு வெளியேறுது. நல்லதுதான்."

இந்த மனிதரிடம் என்ன சொன்னாலும் அது அவருக்கே வெற்றியாக முடிந்தது. போதாததற்கு என் கணவரும் மரியாதைக்கு ஒன்று விழுங்கிவிட்டு, "மச்சான் மாத்திர நல்லாத்தான் கேக்குது," என்றார். தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை விடுகிற பிறவி அவர். டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அறிமுக விழா பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் அண்ணன் மைக்கைப் பிடித்தார். முன்னோர்கள் எழுந்து வந்தார்கள். அவர்கள் எப்போது படுத்தார்கள், எந்தத் திசையில் தலை வைத்தார்கள், ஏன் அவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரவில்லை. ஏசி குளிராக இருந்தது, குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தூங்கிப்போனேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த நல்ல தூக்கம் அது.

கைதட்டல் கேட்டுத்தான் விழித்தேன். என்னைச் சுற்றி ஏழெட்டுப் போன்கள் படமெடுத்துக்கொண்டிருந்தன. அண்ணன் மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"இந்த அம்மணி நம்ம சொந்தந்தானுங்க. தூக்கமே இல்லாம இருந்தவங்க. இப்பப் பாத்தீங்கல்ல? சொல்லு கண்ணு," என்று மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"நான் அந்த மாத்திரையை நிறுத்திப்போட்டேனுங்கண்ணா. ரொம்ப நாளாச்சு."

அண்ணன் அசரவில்லை.

"கேட்டீங்களா? நிறுத்தினதுக்கப்பறமும் வேல செய்யுது."

முன்பைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். படித்தவர்கள், தொழில் நடத்துகிறவர்கள், ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள். அண்ணன் மேல் இருந்த இளக்காரத்தைவிட அவர்கள் மேல் வந்தது பெரிது. அவர் விற்கிறார், அவருக்குக் காரணம் இருக்கிறது. இவர்களுக்கு என்ன?

கை கழுவுகிற இடத்தில் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். நங்கையா பின்னால் வந்து நின்றார். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை. சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"எனக்கும் மூணு வருஷமாத் தூக்கமில்ல. நான் கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மாகிட்டப் போயிட்டிருக்கறேன். இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா தொழில் என்னாகறது."

"அவரு மாத்திரையை நீங்க சாப்பிடறதில்லீங்களா?"

"ஆரு சாப்புடுவா அதை? வயிறு எரியுது."

மூன்று வருஷமாக மனைவி பக்கத்திலேயே விழித்துக் கிடக்கிறாள். அது அவருக்குத் தெரியவில்லை. ஊர் உலகத்தைத் தூங்கவைக்கப் புறப்பட்டுவிட்டார். நங்கையா மேல்தான் எனக்குப் பரிதாபம் வரவேண்டும். வந்தது. ஆனால் புருஷனின் பெருமைக்காக ஒளிந்து ஒளிந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு, அதே மாத்திரையை வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டாக்டர் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த டாக்டரம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார், விரல் நடுங்குவதைக் கவனித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு கூடியிருந்தது. முதலில் பார்த்த டாக்டர் தலையை நிமிர்த்தியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். மருந்து ஆரம்பித்துச் சில மாதங்களில் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

நான் வாயைத் திறந்து தூங்குகிற அந்தப் படம் இன்னும் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நீக்கச் சொல்லி அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். "அதப் பாத்துத்தான் கண்ணு ஆர்டரே வருது," என்றார். போன மாதம் எங்கள் நூலகத்திலேயே ஒரு பேராசிரியர் என்னிடம் வந்து, அந்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அது வேலை செய்யாது, முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "உங்க படத்தப் பாத்துத்தானுங்க கேக்கறேன்," என்றார்.