கல்யாணியில் தவறிய மத்திமம்

திருப்பூரில் என்னோடு பனியன் கம்பெனியில் வேலை செய்பவரின் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நாதஸ்வரக்காரர் கல்யாணி ராகம் வாசிக்கும்போது மத்திம ஸ்வரம் ஓரிடத்தில் தவறி, சங்கராபரண ராகத்தின் மத்திமம் விழுந்துவிட்டது. மண்டபத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பாவும் நாதஸ்வரக்காரர்தான். எனக்கு ஒன்பது வயதில், குன்னத்தூரில் ஒரு கல்யாணத்தில் இதே தப்பைச் செய்தார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, கல்யாணிக்குள்ள சங்கராபரணம் எப்புடீங்க வந்துச்சு?" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டார். ராகம் தெரியாதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அப்பாவின் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "அந்த ஆளு நாசமாப் போகோணும்" என்றேன்.

"அப்புடிச் சொல்லாத கண்ணு. அத்தன சனத்துல அவரு ஒருத்தருதான் காது குடுத்துக் கேட்டாரு. தனியாக் கூப்புட்டுச் சொல்லீருக்கலாம், அவ்வளவுதான்."

அதன்பிறகு அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. அவர் சாயப்பட்டறைக்குப் போனார். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்தேன்.

பந்தி முடிந்து நாதஸ்வரக்காரர் தனியாக இருந்தபோது பக்கத்தில் போய் மத்திமம் தவறியதை மெதுவாகச் சொன்னேன்.

"ஆமாங்க, எனக்கே தெரிஞ்சுதுங்க" என்று சிரித்தார். "வேற ஆராச்சும் கவனிச்சாங்களா?"

"ஒருத்தருமே கவனிக்கலீங்க."

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் வாடியது.