நடுவிலிருந்து ஓடிய டேப்

தர்ஷினி, ஹரிஷ்... உங்கள் அம்மாவை நான் ஒரு பொய்யைச் சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

ஆமாம், நான்தான்! பொய் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவேன் என்று உங்களை மிரட்டுகிற அதே ஆள். பேனா பிடித்து எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியும். தாத்தா நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போடுவார். ஹரிஷ் ரெஸ்லிங்கைப் போடுவான். உடனே தாத்தா என் பக்கம் திரும்பி, “மாப்ள, இன்னிக்கு யாரு?” என்பார். நான் ஒரு பெயரைச் சொல்வேன். அது தப்பாகப் போகும். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். தாத்தா மட்டும் சிரிக்க மாட்டார்.

ஏன் தெரியுமா? ஒரு காலத்தில் நான் சொன்னது ஒன்றுகூடத் தப்பியதில்லை!

அப்போது நான் மெர்போக்கிலிருந்து தினமும் பீடோங்குக்கு வந்து, ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் வீடியோ டேப் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் தாத்தா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் ஞாயிறுதோறும் எல்லாரும் மண்டபத்தில் கூடி ரெஸ்லிங் பார்ப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் டேப்பை எடுத்து, மறுநாள் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. அந்தத் தோட்டத்தில் எனக்குச் சொந்தம் பந்தம் யாரும் இல்லை. டேப் கொண்டுவருகிற ஆள், அவ்வளவுதான்.

அந்தக் கால ரெஸ்லிங் வேறு, பிள்ளைகளே. ஒருத்தனுக்கு ஒரே ஒரு கடைசி அடி. ஒருவன் கயிற்றில் சாய்ந்து ஓடிவந்து, கீழே கிடப்பவன் கழுத்தில் காலைப் போடுவான். இன்னொருவன் கழுத்தைக் கக்கத்தில் வைத்து இறுக்கியே தூங்கவைப்பான். தூங்கியவன் கையை நடுவர் தூக்கித் தூக்கி விட்டுப் பார்ப்பார். மூன்றாம் தடவையும் கை தொப்பென்று விழுந்தால் தீர்ந்தது. அந்த அடிக்குப் பிறகு எழுந்திருப்பது என்ற பேச்சே கிடையாது! நடுவர் எண்ணி முடிப்பதற்குள் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

நான் என்ன செய்தேன்? சனிக்கிழமை பட்டறை மூடியதும் கடைக்குப் பின்னால் இருந்த வீடியோ மிஷினில் டேப்பை முழுதாகப் பார்த்துவிடுவேன். பிறகு முதலுக்கே சுற்றி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துகொண்டு, “இப்ப பாருங்க, இடது பக்கக் கயித்துல போய் சாய்வான். திரும்பி வரும்போது முடிஞ்சிரும்” என்று மெல்லச் சொல்வேன். முடிந்துவிடும்!

முதல் தடவை சும்மாதான் செய்தேன்... ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும் என்று. அவள் திரும்பிப் பார்த்தாள். கூடவே தாத்தாவும் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் பக்கத்தில் எனக்கு ஓர் இடம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நிறுத்தவில்லை. மாதக்கணக்கில் நடத்தினேன். யார் ஜெயிப்பான் என்று தோட்டமே என்னைக் கேட்டது. பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு அந்த மரியாதை எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்!

ஒரு சனிக்கிழமை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் அவசரமாகக் கடையைச் சாத்த வந்துவிட்டார். டேப்பை உருவிப் பையில் போட்டேன். சுற்ற மறந்துவிட்டேன்.

மறுநாள் மிஷினில் டேப்பைப் போட்டவர் உங்கள் கோபால் மாமா, அம்மாவின் அண்ணன். படம் முதலிலிருந்து வரவில்லை. நடுவிலிருந்து ஓடியது! திரையில் ஒரு தடியன் மல்லாந்து கிடக்கிறான். நடுவர் தரையில் மூன்றாம் தடவை தட்டுகிறார். மண்டபம் முழுக்கப் பார்த்தது.

மாமா என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. கணக்குக்கு விடை கிடைத்தவர் மாதிரித்தான் சொன்னார்: “இவன் நேத்தே பாத்துட்டான்லா. ஒவ்வொரு வாட்டியும் பாத்துட்டுதான் வர்றான்.”

நான் எழுந்து நின்றேன். “மாரியம்மன் மேல சத்தியமா பாக்கல. கடையில யாராச்சும் ஓட்டியிருப்பாங்க.”

சொல்லிவிட்டேன்... அம்மன் பெயரைச் சொல்லி! நாக்கு தடுமாறக்கூட இல்லை.

தாத்தா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் மகனைப் பார்த்துத்தான் பேசினார். “உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு இரு. தெரிஞ்சவன் மேல பொறாமப்படாத.” அத்தனை பேருக்கு முன்னால்! மாமா டேப்பை முதலுக்குச் சுற்றிவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்துக்கு அவர் வரவே இல்லை.

ஒரு மாதம் கழித்துத் தாத்தா பட்டறைக்கே வந்து பெண் தருகிறேன் என்றார். “அடி விழுறதுக்கு முன்னாடியே பாக்கத் தெரிஞ்சவன் தம்பி நீ. குடும்பம் நடத்துறதுக்கு அது போதும்.” நான் தலையை ஆட்டினேன்.

கல்யாணமான கொஞ்ச நாளில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, “அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது ரெஸ்லிங் மாறிவிட்டது. பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு ஓர் அடி போதாமல் போய்விட்டது. கடைசி அடி விழுகிறது. இரண்டு எண்ணுவதற்குள் தோளைத் தூக்கிவிடுகிறான். திரும்பவும் அதே அடி, திரும்பவும் தூக்குகிறான். அவனுடைய அடியை இவன் திருடி அவனுக்கே போடுகிறான். மேசை உடைகிறது, ஏணியிலிருந்து குதிக்கிறார்கள். “பினிஷர் மூணு போட்டாதான் விழுவாங்க தாத்தா” என்று ஹரிஷ் பாடம் நடத்துகிறான். என் பொய்யும் அப்படித்தானே வளர்ந்தது? முதலில் ஒன்று போதுமாக இருந்தது. பிறகு சத்தியம் தேவைப்பட்டது.

அதோடு இப்போதெல்லாம் நடக்கும்போதே டிவியில் வந்துவிடுகிறது. முன்னாலேயே பார்க்க வழியில்லை. என் சாயம் என்றைக்கோ வெளுத்திருக்க வேண்டும். வெளுக்கவில்லை... இந்தப் புது அடிகள்தான் என்னைக் காப்பாற்றுகின்றன!

போன தீபாவளிக்கு மாமா பினாங்கிலிருந்து வந்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நாமெல்லாம் ரெஸ்லிங் பார்த்தோம். அவர் வாசலில் ஸ்டூலைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். “மாமாவுக்கு ரெஸ்லிங் பிடிக்காதாப்பா?” என்று தர்ஷினி கேட்டாள். பிடிக்காது என்றேன்.

அதுவும் பொய், மகளே. அந்தத் தோட்டத்தில் அவரைப் போல் ரெஸ்லிங் பைத்தியம் வேறு யாரும் கிடையாது.

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாமாவின் காதிலும் விழுகிற தூரம்தான். “மாமா, அந்த மண்டபத்துல நான் சொன்னதெல்லாம்...” என்று தாத்தாவிடம் ஆரம்பித்தேன்.

தாத்தா என் முழங்காலைத் தட்டினார். “நீ என்ன பண்ணுவ மாப்ள. இப்ப அடிக்கே மரியாத இல்ல. அதான் உன் கணக்கு தப்புது.”

அவர் குரலில் அவ்வளவு பிரியம்... நான் வாயை மூடிக்கொண்டேன். வாசலில் மாமாவின் முதுகு அசையவில்லை.

எனக்கு என்ன குறை? நல்ல மனைவி, நீங்கள் இருவர், ஞாயிற்றுக்கிழமைச் சத்தம், தாத்தாவின் கை என் முழங்காலில். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் மகனுடையது. நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன். மாமாவிடம் நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்க மாட்டேன். அது நான் செய்யவேண்டியது. இன்னும் செய்யவில்லை.

அன்றைக்கு நடுவிலிருந்து ஓடிய அந்த டேப் என்னிடம்தான் இருக்கிறது. வீடியோ கடையை மூடியபோது பழையதையெல்லாம் பெட்டியில் போட்டு வெளியே வைத்தார்கள். அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இன்று நீங்கள் எல்லாரும் தாத்தாவோடு கோயிலுக்குப் போன பிறகு, அலமாரியின் மேலிருந்து அதை இறக்கினேன். பூஞ்சணம் பிடித்திருந்தது. துடைத்தேன். ஓட்டுவதற்கு மிஷின் இல்லை. அடியில் உள்ள சின்ன ஓட்டையில் பேனா முனையை அழுத்திக்கொண்டு, சக்கரத்துக்குள் விரலை விட்டுச் சுற்றினேன். மாமா அன்றைக்கு முதலுக்குச் சுற்றிவைத்த டேப்... அன்றைக்கு நான் கொண்டுபோனது போலவே நடுவில் நிற்கும்படி, இரண்டு பக்கச் சுருளும் ஒரே பருமனாகும்வரை சுற்றினேன். பிறகு உறையில் போட்டு, டிவிக்குக் கீழே வைத்தேன்.