கோணலாய்த் தொங்கிய மாலை

இன்று காலை பெருங்களத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது என் மடியில் ஒரு சம்பங்கி மாலை. அந்த வாசனை எனக்கு ஆகாது. தலைவலி வருமென்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை அதுவல்ல, உங்களிடம் சொல்வதற்கென்ன.

போனில் வந்த இரங்கல் செய்தியில் அந்த நடிகரின் படம் இருந்தது. நாற்பது வருஷம் சினிமாவில் அப்பாவாக, நீதிபதியாக, கல்யாணத்துக்குச் சம்மதிக்காத மாமனாராக நடித்துவிட்டு, கடைசியில் டிவி சீரியலுக்கு வந்த மனுஷன். அத்தனை சினிமாவிலிருந்தும் ஒரு முகம் கிடைக்கவில்லையாம் செய்தி போட்டவர்களுக்கு. போட்டிருந்தது சீரியலில் மாலையோடு தொங்கிய போட்டோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாலையைப் போட்டவன் நான்.

அந்த சீரியலில் நான் உதவி இயக்குநர். பெயர்தான் பெரிசு, இஸ்திரி போட்ட சட்டை வந்ததா, காபியில் சர்க்கரை குறைவா என்று பார்ப்பதுதான் வேலை. பொழிச்சலூரில் ஒரு வாடகை வீட்டில் படப்பிடிப்பு. அவர் கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். வசனம் முதல் நாளே மனப்பாடம். மறைந்து நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் எனக்கு அவர் காட்சி வந்தால் ஓய்வு. அப்படிப்பட்டவர் கண் ஆபரேஷனுக்குப் பத்து நாள் லீவு கேட்டார்.

"பத்து நாளா? போட்டோவ மாட்டி மாலையப் போட்ருய்யா. கத முடிஞ்சிது" என்றார் தயாரிப்பாளர். சீரியலில் அது வழக்கம். ஆள் வரவில்லையா, ஆளைக் கொன்றுவிடு. உயிரோடு இருப்பவருக்கா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், பம்மலுக்குப் போய் பேரம் பேசி சம்பங்கி வாங்கி வந்தேன். வெட்கக்கேடு.

அவருக்கு யாரும் சொல்லவில்லை. லீவு முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஹாலில் அவர் போட்டோ, பொட்டு, மாலை, எரிகிற விளக்கு. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மாலை கோணலா இருக்கு பாரு. க்ளோசப்ல அசிங்கமா தெரியும்."

நேராக்கினேன். வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவரை யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு காய்கறிக்கார அம்மா, "இன்னா சார், நீ பூட்டேன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்!" என்றாராம். சினிமாக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் போலிருக்கிறது. இன்று பக்கம் பக்கமாக உருகுகிற புண்ணியவான்களில் ஒருத்தராவது அவருக்கு ஒரே ஒரு நாள் வேலை கொடுத்திருக்கலாமே!

பொழிச்சலூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். சீரியலின் பெயர்கூட யாருக்கும் ஞாபகமில்லை. மிஞ்சியது நான் போட்ட அந்த மாலைதான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, அவர் வீட்டு வாசலில் செருப்பை விட்டு உள்ளே போனேன். சுவரில் அவர் போட்டோ வெறுமனே இருந்தது. என் கையிலிருந்ததைப் பார்த்து அவர் மகள் எழுந்து வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. போட்டோவுக்கு மாலை வேணாம்னு அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு. ஏற்கெனவே ஒரு தடவ போட்டுட்டாங்களாம், அது போதுமாம்."

போட்டது யார் என்றும் சொன்னாரா? கேட்காமல், மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.