சார்ஜ் போட்டுக் கொடுத்த அம்மா

முதல் பாடவேளைக்கு மணி அடித்தபோது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. ராமேஸ்வரத்தில் முத்துராக்கு அக்கா வேலை பார்த்த லாட்ஜின் மேனேஜர் பேசியிருந்தார். அறைகளைக் கூட்டித் துடைத்துவிட்டு இறங்கியவர் மாடிப்படியில் உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். வகுப்பில் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார்கள். உட்காரச் சொல்ல மறந்துபோனேன். அக்காவின் முகத்துக்கு முன்னால் அவர் மகளின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இனி அந்தப் பெண் என்ன செய்துகொள்வாளோ என்று பயந்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் அவரோடு உட்கார்ந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பேச எழுந்தாலே தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் அந்தக் குழுவுக்கு அவர் எப்படி வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர். அம்மா இருந்தா மைக்செட்டு கட்டியே சொல்லியிருக்கும். எம் பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

இது நடந்தபோது அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். என் வேதியியல் வகுப்பில் ஒருநாள் அவள் பையிலிருந்து மாம்பழ வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால் ஹைலைட்டர் பேனா போல ஒன்று. வேப் என்கிறார்கள், வாயில் வைத்து இழுத்தால் உள்ளேயிருக்கும் நிகோடின் ஆவியாக வரும். பறித்துக்கொண்டுபோய்த் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை லாட்ஜின் சீருடைச் சேலையோடு அக்கா ஆசிரியர் அறை வாசலில் நின்றார்.

"எம்மகளுக்கு மூச்சு முட்டுது, மெஷினக் குடுங்க! ஆவி பிடிக்கிறதப் போயிப் புடுங்கி வச்சிருக்கீகளே, நீங்கல்லாம் புள்ள பெத்தவுகதானா?"

அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங். சுற்றுலா வந்தவர் யாரோ லாட்ஜ் அறையில் விட்டுப்போனதை, இது என்ன சாமான் என்று கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது அக்காதான். சிநேகிதிகளோடு ஏற்கெனவே இழுத்துப் பழகியிருந்த மகள், வீசிங்குக்கு ஆவி பிடிக்கிற மெஷின் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அதற்குச் சார்ஜ் போட்டுச் சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்பியவரும் அக்காதான். ஒன்று தீர்ந்தால் வேறு அறையில் வேறொன்று கிடைத்தது. எனக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. "சிகரெட்டில் இருக்கிற அதே சாமான்தான்க்கா இதுலயும்" என்று போட்டு உடைத்தேன். அவர் அழவில்லை. "அப்ப நாந்தான் குடுத்திருக்கேன்" என்றார்.

தலைமையாசிரியர் டி.சி. கொடுப்பதில் பிடிவாதமாக இருந்தார். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் பரமக்குடியில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார், டி.சி.யோடு வீட்டுக்குப் போனால் படிப்பு அன்றோடு சரி. அக்கா மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "சார், குப்பையில இருந்து எடுத்தாந்தது நானு. சார்ஜ் போட்டுக் குடுத்ததும் நானு. டி.சி.ய எனக்குக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்" என்றார். தலைமையாசிரியர் முதன்முதலாக மின்விசிறியைப் பார்த்தது அன்றுதான். இன்னொரு முறை பிடிபட்டால் பேச்சே கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

அதைத் தூக்கி எறிந்தால் பழக்கம் விட்டுவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். விடவில்லை. அவளுக்குத் தூக்கம் போனது, எதற்கெடுத்தாலும் சீறினாள். அந்த ஆசை வந்தால் சில நிமிடம் ஆட்டிவைத்துவிட்டு அடங்கும், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். அக்கா வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டார். "மறைச்சா கால ஒடிப்பேன். சொன்னா ஒண்ணுஞ் செய்ய மாட்டேன்."

சொன்னபடி நடப்பது லேசில்லை. ஒருநாள் பள்ளியில் என் எதிரிலேயே, நேற்று ஒருத்தியிடம் வாங்கி இழுத்தேன் என்றாள் மகள். அக்காவின் வலது கை எழும்பியது. அந்தக் கையைத் தன் தொடைக்கடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "சரி. எப்பத் தோணுச்சு, அதச் சொல்லு" என்றார்.

வேதியியல் தேர்வன்று அவளைக் காணவில்லை. பிள்ளைகள் ஹாலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் மகளைக் கொண்டுவந்து விட்ட அக்காவும் ஆளுக்கொரு பக்கம் ஓடித் தேடினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கையில் யாருடையதோ ஒன்றை வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் இழுக்கவில்லை. அக்கா அதைப் பிடுங்கியதும், "நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதி!" என்று கத்தினாள்.

"அதப் பரிச்ச முடிஞ்சு பேசிக்கிருவோம். இப்ப மொகத்தக் கழுவிட்டு உள்ள போ" என்றார் அக்கா.

போனாள். எழுதினாள். தேர்வு முடியும்வரை அக்கா கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். அந்தப் பேச்சை அவர்கள் பிறகு எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மறுவருடம், மகள் படித்து முடித்துப் போன பிறகும், பெற்றோர் கூட்டத்துக்கு வந்து அவராகவே எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். "சிரிங்க. நான் ஏமாளிதான். நீங்க ஏமாறாதீக. ஆனா புள்ளைகள அடிக்காதீக. அடிச்சா இழுக்கிறத விட மாட்டாக, நம்மகிட்ட சொல்றத விட்டுருவாக" என்றார். அன்றே அவரைக் கல்வி ஆர்வலர் என்ற பேரில் மேலாண்மைக் குழுவில் சேர்த்தோம்.

மகள் இப்போது ராமநாதபுரத்தில் நர்சிங் படிக்கிறாள். துக்க வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, அவள் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள். "பரிச்சைக்கப்புறம் தொடவே இல்ல டீச்சர். இப்ப ஒண்ணு கெடச்சா இழுத்துருவேன். தோணும்போதெல்லாம் அம்மாட்டத்தான் சொல்லுவேன். இனி யாருட்டச் சொல்ல?"

பெற்றவளைக் கிடத்தியிருக்கிற வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று நாக்கு நுனிவரை வந்தது. என் கோபம் ஊரறிந்தது. விழுங்கிக்கொண்டேன். "எங்கிட்டச் சொல்லு" என்றேன். பாடையைத் தூக்க ஆள் வந்து கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தக் காதுகொடுக்கிற வேலையைத்தான். எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை. நடுவில் புத்தி சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவள் தினமும் கூப்பிடுகிறாள். நேற்றுவரை தொடவில்லை. இன்றைக்கு இன்னும் போன் வரவில்லை. போனை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.