வீட்டில் இங்கிலீஷ் மட்டும்

பி.எட். கல்லூரியில் நான் உளவியல் நடத்துகிறேன். சிந்தனை, நனவு நிலைகள், குழந்தை மொழி கற்கும் விதம் என்று வருடா வருடம் அதே பாடம்தான். வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் நனவு நிலைகளை விளக்க விளக்க, பாதிப் பேர் கண் சொருகி அதைச் செய்தே காட்டுவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சாக்பீஸ் பறக்கும், குறி தவறாது.

"குழந்தைக்கு மொழியைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அதோடு சும்மா பேசிக்கொண்டிருங்கள், போதும்" என்று மேசையைத் தட்டிச் சொல்கிறவள் நான். அப்படிப்பட்டவளின் மகள் மூன்று வயது நெருங்கியும் ஒரு வார்த்தை பேசவில்லை. பசித்தால் தட்டைக் காட்டுவாள். வலித்தால் சத்தமில்லாமல் அழுவாள்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. என் கணவர் குவைத்தில் இருக்கிறார். அங்கே இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் ஏசி அறையில் உட்கார்ந்திருக்க, இவர் வெயிலில் நின்று தலையாட்டுகிறவர். "நம்ம பிள்ளை யார் முன்னாடியும் வாயடைச்சு நிக்கக் கூடாது. அதுகிட்ட இங்கிலீஷ் மட்டும் பேசு" என்று போனில் சொன்னார். அப்போது மகளுக்கு ஒரு வயது. பழியை அவர் மேல் போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் சொன்னது ஒரு நாள், பிடித்துக்கொண்டு தொங்கியது நான். பிள்ளை 'தா' என்பதுபோலக் கை நீட்டினால், "நோ. ஸே, கிவ் மீ" என்பேன். அது கையை மடக்கிக்கொள்ளும். சாயங்காலமானால் பட அட்டைகளோடு எதிரே உட்கார வைத்து, ஆட்டுப் படத்தைக் காட்டி, "வாட் இஸ் திஸ்? கோட்!" என்று ஆரம்பித்துவிடுவேன். அவள் அட்டையைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள்.

நான் கல்லூரிக்குப் போகும் நேரம் பக்கத்து வீட்டு அக்காதான் அவளைப் பார்த்துக்கொள்வார். அரிமளத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. கொல்லையில் நாலு ஆடு, வீட்டில் அவர் ஒற்றை ஆள். அவரிடமும் கறாராகச் சொல்லியிருந்தேன்: "அக்கா, பிள்ளைகிட்டத் தமிழ்ல பேசாதீங்க. செல்லுல இங்கிலீஷ் பாட்டுப் போட்டு விடுங்க, போதும்."

"எனக்கு ஏ, பி, சி கூட முழுசா வராதே, டீச்சரம்மா."

"அப்ப ஒண்ணும் பேசாதீங்க" என்றேன். இவ்வளவு படித்துவிட்டு அப்படிச் சொன்னேன்.

புதுக்கோட்டையில் டாக்டர் காதைச் சோதித்தார். "காது நல்லா இருக்கு. மூணு வயசு முடியட்டும். அப்பவும் பேசலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்" என்றார். மூன்று வயது முடிய ஏழு வாரம் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கினாள். நானும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது தூக்கிவாரிப் போட்டது. அதற்கு முந்திய நொடிவரை எனக்குள் ஒரு குரல் புலம்பிக்கொண்டிருந்தது: 'ஆத்தா, எம்புள்ள என்னைய ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிடட்டும்.' எனக்கு அரைத்தூக்கத்தில் இங்கிலீஷ் வந்ததே கிடையாது. அதற்கு நான் நிமிர்ந்து உட்கார வேண்டும். என் மகளோ எந்த மொழியில் புலம்புவாள்? அவளுக்கு எதைக் கொடுத்திருக்கிறேன்? அன்று இது எனக்கு நன்றாகவே உறைத்தது. ஆனால் பிடிவாதம் லேசில் விடுமா? மறுநாள் மறுபடியும் அட்டையை எடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் கல்லூரி பாதியில் விட்டுவிட்டது. பன்னிரண்டு மணிக்கே ஊர் வந்துவிட்டேன். அக்கா வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் போனபோது ஒரு சின்னக் குரல் ஆட்டை அதட்டிக்கொண்டிருந்தது.

"ஏய் கழுதை, இங்கிட்டு வா! அங்கிட்டு என்ன சோலி ஒனக்கு? எலையத் தின்னு. தின்னுடி தங்கம்."

யார் வீட்டுப் பிள்ளையோ என்றுதான் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தேன். என் மகள். ஒரு கையில் வேப்பங்கொழுந்து, இன்னொரு கையால் ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்திருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியமாச் சொல்றேன் டீச்சரம்மா, பிள்ளைகிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. எல்லாம் சாடைதேன். ஆட்டுகிட்டத்தேன் பேசுவேன், அதைக் கேட்டுக் கேட்டுப் பிடிச்சுக்கிருச்சு. ஆட்டுகிட்டப் பேசக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே?"

"எத்தனை நாளாக்கா?"

"ரெண்டு மாசம் இருக்கும். சொன்னா வேற எடத்துல கொண்டுபோய் விட்டுருவீகளோன்னு வாயத் தெறக்கல. இது இல்லாம எனக்குப் பொழுது போகாதும்மா."

அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல் வந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. பேசுகிறாள். என் பிள்ளை பேசுகிறாள். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று ஆட்டுக்குட்டியின் வாயைப் பொத்தினாள்.

"பேசாத," என்று அதன் காதில் சொன்னாள். "அம்மா வந்துருச்சு."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுதால் பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "குட்டி ஒன்கிட்ட என்னடி சொல்லுச்சு, என் தங்கம்?" என்று கேட்டேன். இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் தமிழில் கேட்ட முதல் கேள்வி.

அவள் என் முகத்தையே பார்த்தாள். குட்டியை மெல்லத் தனக்குப் பின்னால் தள்ளினாள். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி நிமிர்ந்து நின்றாள்.

"கோட்," என்றாள்.

என் மகள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.