தூணுக்கும் தூணுக்கும் நடுவே

என் தங்கை மாநகராட்சியில் படம் வரைகிறவள். தெருப் படம். நடைபாதை எங்கே, சைக்கிள் பாதை எங்கே, மரம் எங்கே என்று ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் போடுவாள். நான் எட்டாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டவள். இருந்தாலும் அவள் படத்தை எனக்குப் படிக்கத் தெரியும். அவ்வளவு தெளிவாக வரைவாள். ஒன்பது வருஷமாக ஒப்பந்த வேலைதான். இந்த வருஷம் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கடைத்தெருவில் கார் போவதைத் தடுத்துவிட்டு, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் தெருவை விடுவதென்று முடிவானபோது படம் அவள் கைக்கு வந்தது. பத்துத் தடவை மாற்றச் சொன்னார்கள். கடைக்காரர்கள் சரக்கு இறக்க இடம் கேட்டார்கள். போக்குவரத்துப் போலீஸ் முனையை அகலமாக்கச் சொன்னது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"படம் முடிஞ்சுதாடி?"

"முடிஞ்சுது அக்கா. பத்தாவது தடவையா."

தெரு முனைகளில் கார் நுழையாதபடி முப்பத்து நான்கு குட்டைத் தூண்கள் நட்டார்கள். திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் பார்க்கப் போனாள். அந்தத் தெருவில் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர் சக்கர நாற்காலியில்தான் போய் வருகிறார். இரண்டு தூண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. எனக்காகத்தான் தெருவையே மாத்துறீங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். என்னைத் தவிர எல்லாரும் நல்லா போறாங்க."

அவரைப் பின்னால் இழுத்துவிட்டு, அளந்தாள். இடைவெளி அறுபத்தைந்து சென்டிமீட்டர். தொண்ணூறு இருக்க வேண்டும். தூணின் பருமன் இருபத்தைந்து.

தூண் நட்ட மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவர் மடித்து வைத்திருந்த படத்தை விரித்துக் காட்டினார். பத்துப் படங்களில் தூணின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளவு போட்டவள், பதினோராவதில் நடு மையத்திலிருந்து நடு மையத்துக்குப் போட்டு, அதே தொண்ணூறை எழுதியிருந்தாள். தையலுக்குத் துணி விடாமல் வெட்டின கதைதான். மேஸ்திரி படத்தில் இருந்ததை அப்படியே நட்டிருந்தார்.

அவளுடைய மேலதிகாரி நல்லவர். அதுதான் கஷ்டம்.

"மேஸ்திரி தப்பா நட்டுட்டார்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. நான் உன் நிரந்தர ஃபைலை மேல அனுப்பிடறேன். எவன் படத்தை விரிச்சுப் பாக்கப் போறான்?"

வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"அவர் பேரை எழுதினா அவருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கான்ட்ராக்டர் அனுப்பிடுவான்."

"உன் பேரை எழுதினா?"

"என்னை அனுப்ப மாட்டாங்க. நிரந்தரம் ஆக்கவும் மாட்டாங்க."

நான் எழுந்து அவளுக்குத் தட்டு வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் நிரந்தரத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

மறுநாள் காலை 'படத்தில் பிழை, வரைந்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதிகாரி படித்துவிட்டு, "உனக்கு ரொம்பத்தான் திமிர்" என்றாராம். கோபமாகச் சொல்லவில்லையாம், களைப்பாகச் சொன்னாராம். நிரந்தர ஆணை பக்கத்து மேஜைக்காரருக்குப் போயிற்று. இவளுக்கு இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம். விழாவைத் தள்ளிப்போட்டார்கள்.

தூண்களைப் பிடுங்கி மறுபடி நட்ட அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வெயிலில் குனிந்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்துகொண்டிருந்தாள். டேப்பின் மறுமுனையை மேஸ்திரி பிடித்திருந்தார்.

"தொண்ணூறுதாம்மா இருக்கு. எத்தனை தடவை பாப்பீங்க? அக்கா வந்திருக்காங்க, போய்ச் சாப்பிடுங்க."

"வரேன்" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு அடுத்த தூணுக்கு நகர்ந்தாள்.