கலர் டீச்சரின் இடது கை

கலர் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கேட்டால் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் காவலாளியே திருதிருவென்று விழிப்பார். இருபத்திரண்டு வருடங்களாக ஓவிய டீச்சர், ஆனால் தனக்கென்று ஓர் அறை கிடையாது. கணக்கு டீச்சர் வெளியே வரும்போது இவர் உள்ளே போவார். கையில் இரண்டு வாளி, ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய கிரேயான் துண்டுகள், அக்குளில் தாள்கட்டு. நாற்பது நிமிட வகுப்பு. தாள் கொடுக்கப் பத்து நிமிடம், கை கழுவிவிடப் பத்து நிமிடம். மிச்சம் இருக்கிற இருபது நிமிடத்தில் கலை வளர்ந்தாக வேண்டும்.

தங்கமான மனுஷிதான். ஒரே ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. கோணலாக எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். வங்கிக்குப் போனால் சாய்ந்து தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் வரிசையில் நிற்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவரின் சட்டைக் காலரை எட்டிச் சரிசெய்வார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டுகிறவர், வாய்த்துடுக்குக்காரர்.

"நல்லவேளை, என்னைப் படைச்சது நீ இல்ல. இந்த மூக்கை இன்னும் அழிச்சு அழிச்சு வரைஞ்சுக்கிட்டே இருந்திருப்ப" என்பார்.

இந்தப் பழக்கத்துக்குப் பள்ளிக்கூடத்திலும் ஒரு வேலை இருந்தது. வருடம் முடிகிற சமயம் ஓவியக் கண்காட்சி நடக்கும். அதற்கு முந்தின வாரம் படங்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோவார். ஒரு முகத்துக்கு விடுபட்ட காது, ஒரு நாய்க்கு நாலாவது கால், வானத்தில் நிரப்பாமல் விட்ட மூலை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப் போடுவார். பெற்றோர் வந்து "எங்க பிள்ளையா வரைஞ்சது!" என்று வாயைப் பிளப்பார்கள். தலைமையாசிரியை பூரித்துப்போவார். பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பற்றி நாம் நினைத்துக்கொள்வதில் பாதி நம் வசதிக்காக நினைப்பது.

அந்த வருடம் இரண்டாம் வகுப்புக்கு 'எங்கள் வீட்டு ஆட்கள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி. வாயைத் திறக்க மாட்டாள், வகுப்பு டீச்சர் அவளை ஊமைக்கோட்டான் என்பார். ஆனால் கண் இரண்டும் எதையும் விடாது. அவள் தன் அப்பாவை மட்டும் வரைந்திருந்தாள். நீலச் சட்டை, சீவாத தலை, ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது அபாரமான படம். வலது கை இருந்தது. இடது கை இல்லை. இடது பக்கத்துச் சட்டைக் கை பாதியிலேயே நின்றிருந்தது. அதன் மேல் சின்னதாக ஒரு மஞ்சள் கோடு.

மணி அடித்ததும் அவசரத்தில் கையை விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்தார். அந்த மஞ்சள் கோடு என்னவென்று ஒரு நொடி யோசித்ததும் உண்மை. நாளைக்குக் கேட்கலாம் என்றும் தோன்றியது. ஆனால் இன்னும் முப்பது படம் பாக்கி. கோட்டின் மேல் நீலத்தைப் பூசினார். தாளைத் தலைகீழாகத் திருப்பிவைத்து, தன் இடது கையை மேஜைமேல் விரித்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒரு கை வரைந்தார். வெகுநாள் கழித்து ஆசையாக வரைந்த கை. விரல் கணுக்கள், நகம், புறங்கை நரம்பு எல்லாம் அச்சாக விழுந்தன. கணவர்கூட எட்டிப் பார்த்து, கிண்டல் எதுவும் செய்யாமல் போனார்.

கண்காட்சி அன்று நடைபாதையில் கயிறு கட்டி, கிளிப்பில் படங்கள் தொங்கின. அந்த நீலச் சட்டைப் படத்தின் முன்னால் ஒரு ஆள் நெடுநேரமாக நின்றிருந்தார். பக்கத்தில் அந்தச் சிறுமி. பாராட்டிவிட்டுப் போகலாம் என்று டீச்சர் சிரித்த முகத்தோடு கிட்டே போனார். அந்த ஆளின் இடது சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்துவிடப்பட்டிருந்தது. மடிப்பு அவிழாமல் இருக்க ஒரு மஞ்சள் ஊக்கு குத்தியிருந்தது.

டீச்சரின் பார்வை அந்த ஊக்கிலிருந்து படத்துக்குப் போயிற்று.

"கை ரொம்ப நல்லா வந்திருக்கு டீச்சர்" என்றார் அந்த ஆள். குத்தலாகச் சொல்லவில்லை. சிறுமி படத்தைப் பார்க்கவில்லை. டீச்சரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் ஆட்களை வரைவதை நிறுத்திவிட்டாள். தாள் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். நாற்காலி வரைவாள், அதில் யாரும் இருக்க மாட்டார்கள். கொடியில் காயும் சட்டை வரைவாள். வாசற்படியில் ஒரு ஜோடி செருப்பு வரைவாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. தன் இருபத்திரண்டு வருடத்தில் பார்த்த நல்ல கண்களில் ஒன்றைத் தானே குத்திவிட்டோமோ என்ற பயம் டீச்சரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் பாத்திரம் கழுவும்போது இடது கையைப் பார்ப்பார், அது யாருடைய கையோ என்றிருக்கும். வகுப்பில் அதைத் தாள்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை காலையில் விலாசத்தைத் தேடிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனார். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அம்மா அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள், அறை முழுக்க சூடான துணி வாசனை. அப்பா ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர்.

"பட்டன் அமுக்கற வேலைதான் டீச்சர், அதுக்கு ஒரு கையே ஜாஸ்தி" என்று சிரித்தார்.

எதிர்ச்சுவரில், சட்டம் போட்டு, அந்தப் படம்.

டீச்சர் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். "தப்பு பண்ணிட்டேன். அந்தப் படத்தைக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. "வேண்டாம் டீச்சர். அட்டைப்பெட்டி பேக்டரில மெஷின் இழுத்துக்கிச்சு. இவ பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. அந்தக் கை எப்படி இருந்துச்சுன்னே எனக்கு மறந்து போச்சு. இப்ப தினம் வேலைக்குக் கிளம்பறப்ப ஒரு தடவை பாத்துக்கறேன். அதை எடுத்துடாதீங்க."

"இவருக்கு அது வேணும். அவ என்னடான்னா அந்தச் சுவர் பக்கம் திரும்பவே மாட்டேங்கறா" என்றாள் அம்மா.

சிறுமி படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கோபமாம்மா?"

"அது அப்பா இல்ல" என்றாள் அவள், மெதுவாக. "அது வேற ஆளு. எப்பவும் வீட்டுலயே இருக்காரு. நாங்க சாப்பிடறதைப் பாக்கறாரு."

டீச்சர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நீலச் சட்டைக்காரரின் இடது சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்துபோன தன்னுடைய சுண்டுவிரல். வரைந்த அன்று அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த அறையில் வேறு யாரும் கவனிக்கக்கூடாதே என்று இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒரு மனிதருக்கு அவருடைய கை என்று தன் கையை மாட்டிவிட்டாயிற்று, அவரும் தினமும் அதைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அதுவும் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு அப்பா போய்விடுகிறார். டீச்சர் சொல்லவில்லை. அது கோழைத்தனமா, இரக்கமா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

"நீ வேற படம் வரைம்மா. உனக்குத் தெரிஞ்ச மாதிரியே வரை" என்றார்.

"வரைஞ்சா நீங்க மாத்திடுவீங்க."

"மாட்டேன். இனிமே யாரோட படத்துலயும் கை வைக்க மாட்டேன். சத்தியமா."

மாடிப்படி இறங்கும்போது டீச்சருக்கு இடது கை சில்லென்று இருந்தது. வெயிலில் நீட்டிப் பார்த்தும் சூடு ஏறவில்லை.

வருடத்தின் கடைசி ஓவிய வகுப்பு வந்தது. தலைப்பு எதுவும் தராமல், பிடித்ததை வரையுங்கள் என்று சொல்லிவிட்டார். மணி அடித்து, பிள்ளைகள் குழாயடிக்கு ஓடினார்கள். சிறுமி மட்டும் வந்து மேஜைமேல் ஒரு தாளை வைத்தாள். ஆள் வரைந்திருந்தாள்!

வரைந்திருந்தது டீச்சரையே. மூக்கின் மேல் சரிந்த கண்ணாடி, கொண்டையில் செருகிய பென்சில், கன்னத்து மச்சம், வலது மணிக்கட்டில் கடிகாரம். ஒரு கோடு பிசகவில்லை. இடது பக்கத்துச் சட்டைக் கை மட்டும் பாதியில் மடிந்திருந்தது. மடிப்பில் ஒரு மஞ்சள் ஊக்கு.

"கை எங்கம்மா?" என்றார் டீச்சர்.

சிறுமி குனிந்து, தாள்கட்டின் விளிம்பில் எட்டிப் பார்த்த அந்த வளைந்த சுண்டுவிரலை ஒரு தடவை தொட்டாள்.

"எங்க வீட்டுல இருக்கு டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள்.

டீச்சர் அந்தப் படத்தை எதுவும் செய்யவில்லை. அது இப்போது அவர் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. கொஞ்சம் சாய்ந்துதான் தொங்குகிறது. அதை மட்டும் அவர் நேராக்குவதில்லை.